மியாட்டாவின் டிஃபரென்ஷியல்: வீட்டில் மாற்றுவதா, கடையில் கொடுப்பதா?

உங்கள் கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 1991 மாடல் மஸ்டா மியாட்டா, 1.6 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர். முழுக்க ஓஹையோவில் ஓடிய வண்டி. 45 மைல் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம். பக்கத்துக் கடையில் காட்டினீர்கள்; டிஃபரென்ஷியல் (எஞ்சின் விசையைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) போய்விட்டது, மாற்ற 1,900 டாலர் ஆகும் என்றார்கள். வீட்டில் கராஜ் இருக்கிறது, பிரேக் பேடு மாற்றிய அனுபவம் உண்டு. நாமே மாற்றலாமா, கடைக்கே கொடுத்துவிடலாமா?

மாற்றலாம். ஆனால் டிஃபரென்ஷியலை மாற்றுவது என்று ஒரே பெயரில் இரண்டு வேலைகளைச் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பழைய டிஃபரென்ஷியல் உருண்டையை முழுசாக இறக்கிவிட்டு, ஏற்கெனவே சரியாக அமைந்திருக்கும் இன்னொன்றை ஏற்றுவது ஒரு வேலை. அதற்கு வேண்டியது ஸ்பேனர், ஜாக்கி, பொறுமை. அந்த உருண்டையைத் திறந்து உள்ளே இருக்கும் கிரவுன், பினியன், பேரிங் எல்லாவற்றையும் மாற்றுவது வேறு வேலை. முதலாவதை நீங்கள் தாராளமாகச் செய்யலாம். இரண்டாவதை நானே செய்வதில்லை. இருபது வருடமாக வண்டிகளுக்கு அடியில் கிடக்கிறேன், இன்னும் அதற்கு மட்டும் ஆளிடம்தான் போகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். நம் ஊர் லாரிப் பட்டறையில் யாரும் டிஃபரென்ஷியல் என்று நீட்டி முழக்க மாட்டார்கள், 'கிரவுன் போயிடுச்சு' என்பார்கள். சரியான பெயர்தான், உயிர்நாடி அந்தக் கிரவுன் சக்கரமே. கியர்பாக்ஸிலிருந்து நீளவாக்கில் வரும் புரப்பல்லர் ஷாஃப்டின் சுழற்சியைப் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் வாங்கி, கிரவுனுக்குக் கொடுத்து, குறுக்குவாக்கில் திருப்பி விடுகிறது. பினியன் கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளி அமர்ந்திருக்கும். அதனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்யும். இந்த வழுக்கலைத் தாங்கத்தான் ஜிஎல்-5 தர எண்ணெய் கேட்கிறார்கள். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆட்டம் 0.09 முதல் 0.11 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன். பினியன் எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும் என்பதை மெல்லிய தகடு வைத்துத் தீர்மானிக்க வேண்டும். பேரிங்குக்குக் கொடுக்கும் இறுக்கத்தை, நசுங்கும் ஒரு குழல்மேல் நட்டை முறுக்கிக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் அதிகமாக நசுங்கினால் அந்தக் குழலைத் தூக்கிப்போட்டுப் புதுசு போட்டு முதலிலிருந்து ஆரம்பம். கடைசியில் பல்லில் மஞ்சள் சாயம் தடவிச் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று கண்ணால் படிக்க வேண்டும். கருவிகளை வாங்கிவிடலாம், அந்தக் கண் வர நாற்பது ஐம்பது டிஃபரென்ஷியல் திறந்திருக்க வேண்டும்.

ஆக, முழு உருண்டையாக மாற்றும் வேலையைப் பற்றித்தான் இனிப் பேச்சு. அதற்கு முன்னால் இன்னொன்று. போனது டிஃபரென்ஷியல்தானா?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பின்பக்க ஊளை என்றதும் எல்லாரும் டிஃபரென்ஷியலைக் கைகாட்டுவார்கள். பாதி நேரம் குற்றவாளி வீல் பேரிங், சில நேரம் வெறும் டயர். காலியான சாலையில் 50 மைலில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள், பிறகு விடுங்கள். அழுத்தும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி, நடுவே ஒரு புள்ளியில் சத்தமே இல்லை என்றால் அது பல்லின் சத்தம், கிரவுன்-பினியன் தேய்ந்திருக்கிறது. அழுத்தினாலும் விட்டாலும் ஒன்றாகவே ஊளையிட்டு, இடது பக்கம் ஒடித்தால் கூடி, வலது பக்கம் ஒடித்தால் குறைந்தால் அது வீல் பேரிங். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். கிளட்ச்சை விடும்போது 'டொக்' என்று ஒரு அடி விழுகிறதென்றால் புரப்பல்லர் ஷாஃப்டின் யூ-ஜாயின்ட்டையும், டிஃபரென்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள்.

அப்புறம் எண்ணெய். உங்கள் 1.6 வண்டியின் டிஃபரென்ஷியலில் மொத்தமே 0.65 லிட்டர்தான் இருக்கும். ஒரு ஆயில் சீல் கசிந்து கால் லிட்டர் போயிருந்தாலே ஊளை வந்துவிடும். கடையில் எண்ணெய் அளவைப் பார்த்தார்களா என்று கேட்டீர்களா? பார்க்காமலேயே விலை சொல்லும் கடைகள் உண்டு. நீங்களே பாருங்கள், ஆனால் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் மேலே உள்ள நிரப்பும் மூடியைத் திறக்க வேண்டும், அது திறந்த பிறகே கீழ் மூடியில் கைவைக்க வேண்டும். கீழே திறந்து எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு, மேல் மூடி துருவில் இறுகிப்போய்த் திறக்காமல், எண்ணெய் இல்லாத வண்டியோடு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் கண்ணாடியில் தினமும் தெரிகிறார். எண்ணெய் வடித்த கீழ் மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தால் கவலையில்லை, அந்த வயது வண்டியில் அது சகஜம். செதில் செதிலாகவோ ஊசி மாதிரியோ உலோகத் துண்டு வந்தால் கதை முடிந்தது.

சரி, டிஃபரென்ஷியல்தான் போனது என்று வைத்துக்கொள்வோம். என்ன போடப் போகிறீர்கள்?

1989இல் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமான இந்த வண்டியின் முதல் சில ஆண்டு மாடல்களில் கிரவுன் சக்கரத்தின் விட்டம் 6 அங்குலம். 1.6 லிட்டர் எஞ்சினின் சக்திக்கு அது போதும், ஆனால் மிச்சம் வைக்காத கணக்கு. டர்போ போட்டாலோ, நன்றாகப் பிடிக்கும் டயர் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து பாய்ந்தாலோ உடைந்துவிடும். அந்த வருடங்களில், ஒரு சக்கரம் மட்டும் பிடிமானமின்றி வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் வகை கேட்டவர்களுக்குக் கிடைத்தது விஸ்கஸ் வகை, அதாவது தகடுகளுக்கு நடுவே கெட்டியான சிலிக்கோன் திரவம். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தத் திரவத்தில் ஜீவன் இருக்காது. 1994இல் எஞ்சின் 1.8 ஆனபோது கிரவுனும் 7 அங்குலம் ஆயிற்று, விருப்பத் தேர்வாக டோர்சென் என்ற வேறொரு வழுக்கல் கட்டுப்பாட்டு வகை வந்தது. எல்லாரும் தேடி அலைவது இதைத்தான்.

டோர்செனில் திரவமும் இல்லை, கிளட்ச் தகடும் இல்லை. புழுச்சக்கரம் போன்ற பற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு அதிக முறுக்கு விசையை அனுப்பும். தேய்மானம் குறைவு, தனி எண்ணெய்ச் சேர்மானம் வேண்டாம். ஒரே பலவீனம், ஒரு சக்கரம் முழுசாக அந்தரத்தில் தொங்கினால் அடுத்ததற்கும் விசை போகாது, பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. சாதாரணச் சாலையில் அது ஒரு பிரச்சினையே இல்லை.

அதனால் என் கருத்து: பழைய 6 அங்குலத்துக்குப் பதில் இன்னொரு பழைய 6 அங்குலம் போடுவது, கிழிந்த செருப்புக்கு மாற்றாகச் சந்தையில் இன்னொரு கிழிந்த செருப்பு வாங்குவது மாதிரி. எப்படியும் அடியில் படுக்கப் போகிறீர்கள், 7 அங்குலத்துக்கு மாறிவிடுங்கள். ஆனால் உருண்டையை மட்டும் வாங்கினால் பொருந்தாது. அதே 1.8 வண்டியிலிருந்து இரண்டு பக்க ஆக்சில் ஷாஃப்டும், நடுவிலுள்ள புரப்பல்லர் ஷாஃப்டும் சேர்த்து வாங்க வேண்டும். ஹப் (சக்கரம் மாட்டும் மையம்) பக்கத்துப் பள்ளங்கள் ஒன்றேதான், ஹப்பை மாற்ற வேண்டியதில்லை. இதைத் தெரியாமல் வெறும் உருண்டையை வாங்கிக் கராஜில் மேசைக்குக் கால் கொடுத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

பல் விகிதத்தையும், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதையும் கவனியுங்கள். உங்கள் வண்டியில் 4.3. 1994 முதல் வந்த 1.8இல் 4.1. 1999க்குப் பிந்திய இரண்டாம் தலைமுறையில் ஐந்து கியர் வண்டிக்கு மறுபடி 4.3, ஆறு கியர் வண்டிக்குப் பெரும்பாலும் 3.9. மியாட்டாவின் வேகமானி கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து ஓடுகிறது. டிஃபரென்ஷியலில் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. 4.1 போட்டால் முள் 60 காட்டும்போது வண்டி 63இல் போய்க்கொண்டிருக்கும். போலீஸ்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. வேகமானியை ஓட்டும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை 1.8 வண்டியினதாக மாற்றினால் சரியாகிவிடும். விகிதத்தை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்: ஓபன் வகையில், அதாவது வழுக்கல் கட்டுப்பாடு இல்லாத சாதாரண வகையில், ஒரு பக்கத்து ஆக்சில் சேரும் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், பினியன் பக்கம் எத்தனை சுற்று ஓடுகிறதோ அதுதான் விகிதம்.

விற்பவர் டோர்சென் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மறுசக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கும் சோதனையைப் பலரும் சொல்வார்கள், அது சில நேரம் ஏமாற்றும். ஆக்சில் கழன்ற துளை வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பது மேல். ஓபன் வகையில் நடுவே குறுக்காக ஒரு தடித்த பின் தெரியும். பினியனைக் கையால் சுற்றிப் பாருங்கள், மணல் அரைபடுகிற மாதிரி இருந்தால் வேண்டாம். வடிமூடியைத் திறந்து காந்தத்தைப் பார்க்க விட மாட்டேன் என்கிற ஆளிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

இனி வேலை. எல்லாப் படியையும் வரிசையாக எழுதப் போவதில்லை, மஸ்டாவின் பழுதுபார்ப்புக் கையேடு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் இருக்கிறது. கையேட்டில் ஒரு வரியில் போகிற, ஆனால் மனிதன் அரைநாள் மாட்டிக்கொள்கிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வண்டி தரையில் நிற்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். 29 மில்லிமீட்டர், விளிம்பை உள்ளே அடித்துப் பூட்டியிருப்பார்கள். அதை முதலில் உளியால் நிமிர்த்த வேண்டும். திரும்ப மாட்டும்போது இதற்கு 159 முதல் 217 அடி-பவுண்டு வரை முறுக்கு. சாதாரண டார்க் ஸ்பேனர் 150இல் நின்றுவிடும். அமெரிக்க உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு பெரிய ஸ்பேனரை இரவல் தருகின்றன, திருப்பிக் கொடுத்தால் பணம் முழுசாக வந்துவிடும். நான்கு ஸ்டாண்டு, கெட்டியான கான்கிரீட் தரை, முன் சக்கரத்துக்கு முட்டு. ஸ்டாண்டில் ஏற்றியதும் வண்டியை இரண்டு கையாலும் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட உள்ளே போகாதீர்கள்.

சைலன்சர் குழாயை முதலில் இறக்கிவிடுங்கள். அதை வைத்துக்கொண்டே செய்துவிடலாம் என்று தோன்றும், அரை மணி கழித்து எப்படியும் இறக்குவீர்கள். புரப்பல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட்டைக் கழற்றி உருவினால் கியர்பாக்ஸின் பின்துளையிலிருந்து எண்ணெய் ஒழுகும். பழைய பிளாஸ்டிக் பையும் ரப்பர் வளையமும் போதும். குறைந்த எண்ணெயைப் பிறகு ஊற்றும்போது டிஃபரென்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5ஐ கியர்பாக்ஸுக்கு ஊற்றிவிடாதீர்கள். அதற்கு ஜிஎல்-4, உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கு மற்றது ஆகாது.

இந்த வண்டிக்கே உரிய விஷயம் இப்போது வருகிறது. மியாட்டாவின் கியர்பாக்ஸுக்குக் கீழே குறுக்குச் சட்டம் கிடையாது. கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரென்ஷியலின் மூக்கையும் ஓர் அலுமினியச் சட்டம் இணைக்கிறது, பவர் பிளாண்ட் ஃபிரேம் என்பார்கள், சுருக்கமாகப் பிபிஎஃப். எஞ்சினிலிருந்து பின் அச்சு வரைக்கும் ஒரே முதுகெலும்பு மாதிரி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி உடனே பதில் சொல்கிறதே, அந்தச் சுகத்துக்கு இதுவும் ஒரு காரணம், நான்கு தலைமுறையிலும் மஸ்டா இதைக் கைவிடவில்லை. ஆனால் கழற்றுகிறவருக்கு இதன் பொருள் வேறு. டிஃபரென்ஷியல் பக்கத்துப் போல்ட்டை எடுத்த மறுகணம் கியர்பாக்ஸின் வால் தொங்கிவிடும், எஞ்சினும் சேர்ந்து பின்னால் சாயும். அதனால் போல்ட்டில் கைவைக்கும் முன்னாலேயே கியர்பாக்ஸுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி இருக்க வேண்டும். சட்டத்தின்மேல் ஒயர் கட்டு ஒன்று கிளிப்பில் போகிறது, அதையும் கழற்றிவிடுங்கள். பின்பக்கப் போல்ட்டில் ஒன்று ஓர் உலோகக் குழல் வழியாகப் போகும். போல்ட் வந்துவிட்டாலும் அந்தக் குழல் உள்ளே இறுகிக்கொண்டு சட்டத்தை விடாது. சுத்தியலால் சட்டத்தை அடிக்காதீர்கள், அலுமினியம். குழலின் உள்ளே மரை இருக்கிறது, பொருத்தமான போல்ட்டை அதில் முறுக்கிப் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். முதல் தடவை எனக்கு இது தெரியாமல் இரண்டு மணி நேரம் போயிற்று.

திரும்ப மாட்டும்போது இதே சட்டம் இன்னொரு கண்டம். போல்ட் துளையில் கொஞ்சம் விளையாட்டு உண்டு, சட்டத்தை எந்த உயரத்தில் நிறுத்தி முறுக்குகிறீர்களோ அந்தக் கோணத்தில்தான் புரப்பல்லர் ஷாஃப்ட் ஓடும். கையேட்டில் வண்டியின் தரைத்தகட்டிலிருந்து அளக்க வேண்டிய அளவு இருக்கிறது. ஜாக்கியை ஏற்றி இறக்கி அந்த அளவு வந்த பிறகு 77 முதல் 91 அடி-பவுண்டுக்குள் முறுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், செய்தது நானல்ல, காசு வாங்கிக்கொண்டு ஒரு கடை. என் முதல் மியாட்டாவுக்குக் கிளட்ச் மாற்றக் கொடுத்தேன், வந்த வண்டி 60 மைலுக்கு மேல் நடுங்கியது. டயர் பேலன்ஸ், வீல் அலைன்மென்ட், யூ-ஜாயின்ட் என்று மூன்று மாதம் சந்தேகப்பட்டுச் செலவழித்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை நானே அடியில் படுத்து அளந்தால் சட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. நாலு போல்ட், ஒரு மணி நேரம், நடுக்கம் போச்சு. கடையில் கொடுத்தால் சரியாக இருக்கும் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் எனக்குப் போயிற்று.

அதற்காக என் கை சுத்தம் என்று நினைக்க வேண்டாம். ஆக்சிலின் உள்முனையை டிஃபரென்ஷியலுக்குள் செருகும்போது ஷாஃப்டை நேராகப் பிடிக்காமல் ஆயில் சீலின் உதட்டைக் கிழித்துவிட்டேன். மாட்டி முடித்து, வண்டியை இறக்கி, தெருவைச் சுற்றி வந்து பார்த்தால் தரையில் எண்ணெய்ச் சொட்டு. பன்னிரண்டு டாலர் சீலுக்காக மறுநாள் முழுக்க மறுபடி கழற்றினேன். அதனால் பழைய டிஃபரென்ஷியல் வாங்கினால் அது தரையில் கிடக்கும்போதே இரண்டு பக்கச் சீலையும் புதுசாகப் போட்டுவிடுங்கள், உதட்டில் கிரீஸ் தடவுங்கள், ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். முனையிலுள்ள வளையக் கிளிப்பும் புதுசாக இருக்கட்டும். உள்ளே போய் 'டக்' என்று உட்கார்ந்த பிறகு வெளியே இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. மூக்கில் இருக்கும் பினியன் சீல் மட்டும் கசியாமல் இருந்தால் தொடாதீர்கள். அதை மாற்ற அந்த நட்டைக் கழற்ற வேண்டும், நட்டோடு சேர்ந்து நான் முன்னால் சொன்ன நசுங்கும் குழலின் கணக்கும் கலைந்துவிடும்.

உருண்டை சுமார் 30 கிலோ. நெஞ்சின்மேல் வாங்கிக்கொள்கிற எடை இல்லை. ஜாக்கியின் தட்டில் மரத்துண்டு வைத்து, பட்டைக் கயிற்றால் கட்டி இறக்குங்கள். ஏற்றும்போது அதைத் தாங்கும் இரண்டு காதும் ஒரே நேரத்தில் துளைக்கு நேராக வர மறுக்கும். பொறுமையாக இருங்கள், வரும். ஏற்றி முடித்ததும் 75டபிள்யூ-90 எண்ணெய், 7 அங்குலத்துக்கு ஒரு லிட்டர். வண்டி சமதளத்தில் நிற்க, மேல் துளையிலிருந்து வழிகிற வரைக்கும் ஊற்றினால் போதும்.

பணத்துக்கு வருவோம். என் இரண்டாவது மியாட்டாவுக்கு 1.8இன் டோர்சென், ஆக்சில்கள், புரப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் சேர்த்து 850 டாலர் கொடுத்தேன். சீல், எண்ணெய், கிளிப், புது ஆக்சில் நட்டு எல்லாம் இன்னொரு 90. ஸ்டாண்டும் நல்ல ஜாக்கியும் ஏற்கெனவே இருந்தன, இல்லாவிட்டால் 250 வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடை சொன்ன 1,900இல் என்ன அடங்கியிருக்கிறது என்று கேளுங்கள். பழைய 6 அங்குலமா, புதுசா, யாராவது சரிசெய்து உத்தரவாதத்தோடு தருவதா? வெறும் கழற்றி மாட்டும் கூலி என்றால் லிஃப்ட் உள்ள இடத்தில் நாலைந்து மணி நேர வேலை. நீங்களே பாகத்தை வாங்கிக்கொண்டு போனால் பல கடைகள் மாட்ட மாட்டார்கள், மாட்டினாலும் உத்தரவாதம் தர மாட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் பழைய இரும்பு ஊளையிட்டால் அவர்கள் ஏன் இரண்டாவது முறை இலவசமாகக் கழற்ற வேண்டும்? நேரம் என்றால், முதல் தடவை உங்களுக்கு இரண்டு முழு நாள். மூன்றாவது தடவை எனக்கு ஏழு மணி நேரம் ஆனது.

நடுவழி ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. கழற்றுவதையும் மாட்டுவதையும் நீங்கள் செய்துகொண்டு, உருண்டையை மட்டும் காரின் பின்சீட்டில், உங்கள் மியாட்டாவில் பின்சீட் கிடையாது, யாருடைய காரிலாவது, டிஃபரென்ஷியல் மட்டுமே பார்க்கும் கடைக்கு எடுத்துப் போவது. மேசைமேல் வைத்துச் செய்தால் அவர்கள் கூலி பாதிக்கும் குறைவாகவே வரும், வண்டிக்கு அடியில் போகும் நேரம் அவர்களுக்கு மிச்சம். வாங்கிய டோர்சென் லேசாக முனகுகிறது, பேரிங் மாற்ற வேண்டும், ஓபன் உருண்டைக்குள் டோர்செனை மாற்றி வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் நான் போவது இந்த வழிதான்.

நான் சொல்வதெல்லாம் உருண்டை தனியாகத் தொங்கும் வண்டிகளுக்கு. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் ஓட்டுபவர்களும் ஏறக்குறைய இதே மாதிரி செய்யலாம். 2014 வரை வந்த மஸ்டாங்குகளில் பெரும்பாலானவற்றில் பின்பக்கம் ஒரே இரும்பு அச்சு, டிஃபரென்ஷியல் அந்த அச்சின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே பல் பொருத்தும் வேலையை வண்டிக்கு அடியில் படுத்தே செய்ய வேண்டியிருக்கும், கடைக்குப் போங்கள். 1997இல் வந்த கார்வெட்டிலிருந்து அடுத்த இரண்டு தலைமுறைக்கு கியர்பாக்ஸே பின்னால் போய் டிஃபரென்ஷியலோடு ஒட்டிக்கொண்டது, மொத்தப் பின் சட்டகத்தையும் இறக்க வேண்டும். போர்ஷே பாக்ஸ்டரில் டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கே என்னிடம் கேட்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது: ஓஹையோ. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு. ஆக்சிலை வெளியே எடுக்க, சஸ்பென்ஷனின் மேல் ஆர்மையும் ஹப் கூட்டையும் சேர்க்கும் போல்ட்டை உருவி, கூட்டை வெளிப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். பிரேக் காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கலிஃபோர்னியா வண்டியில் அந்தப் போல்ட் பத்து நிமிடத்தில் வந்துவிடும். உப்பில் ஊறிய வண்டியில் போல்ட், புஷ்ஷின் உள்குழல் இரண்டும் துருவால் ஒன்றாகி, நட்டு கழன்ற பிறகும் போல்ட் அசையாது. அடித்தால் தலை உடையும். பிறகு காஸ் டார்ச், ரம்பம், புது ஆர்ம் என்று செலவு எங்கோ போய்விடும். கீழே இருக்கும் நீளமான போல்ட் அதைவிட மோசம், அதைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை.

அதனால் பாகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாலை நேரம் செலவு செய்யுங்கள். இன்றைக்கே நிரப்பும் மூடி, இரண்டு மேல் ஆர்ம் போல்ட், பிபிஎஃப் போல்ட்கள், ஆக்சில் நட்டுகள் எல்லாவற்றுக்கும் துரு ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள், மூன்று நாள் தினம் ஒரு தடவை. சனிக்கிழமை ஒவ்வொன்றையும் கால் சுற்று மட்டும் தளர்த்திப் பாருங்கள், அசைந்தால் பழையபடி முறுக்கிவிடுங்கள். எல்லாம் அசைந்தால் 1.8 டோர்செனைத் தேட ஆரம்பியுங்கள். மேல் ஆர்ம் போல்ட் இரண்டும் அசையவே இல்லை என்றால் கடைக்காரருக்கு போன் செய்து, 1,900இல் துருப்பிடித்த போல்ட் உடைந்தால் அதன் செலவும் சேர்த்தியா என்று முதலில் கேளுங்கள்.